கோல் போட்டவர் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாசகர்கள் தேர்ந்தெடுத்த எக்காலத்துக்குமான ஹாக்கி அணியைப் பார்த்தேன். தயான் சந்த், உதம் சிங், தன்ராஜ் பிள்ளை எல்லாம் சரி, அதில் யாருக்கும் சண்டை இல்லை. கோலைக் காக்கும் பின்களத்துக்கு வந்தால்தான் மனசு ஆறவில்லை. பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் பக்கத்தில் தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு அது) யார் நிறைய கோல் போட்டார்களோ அவர்களை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள், தடுத்து ஆடுவதில் பேர் வாங்கிய திலீப் திர்க்கி பெயரே காணோம்.

வாசகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அயனாவரத்தில் நாங்கள் சிலர், ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் என்று ரயில்வே தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும், ஞாயிறு மாலையில் இதே போல ஃபேன்டஸி லீக் டிராஃப்ட் ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கற்பனை அணியை முறை வைத்துத் தேர்ந்தெடுப்போம். (வட சென்னை என்றால் கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்றே எழுதுகிறீர்கள். பெரம்பூர் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியர்கள் காலத்திலிருந்தே ஹாக்கி மட்டை இருக்கிறது, அதையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.) சீட்டுக் குலுக்கி வரிசை போடுவோம், ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் தொடக்கூடாது, முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதல் ஆளாக எடுப்பார். இதில் டிஃபெண்டர்களை, அதாவது பின்கள ஆட்டக்காரர்களை, எடுக்கும் நேரம் வந்தால் ஒவ்வொரு முறையும் முதலில் போவது பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ்தான். 348 சர்வதேச கோல், வேறென்ன வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். அடுத்தது ஹாலந்தின் போவலாண்டர், அப்புறம் பிருதிபால் சிங். இந்தியாவுக்காக 412 ஆட்டம் ஆடிய திர்க்கி கடைசிச் சுற்று வரை அப்படியே கிடப்பார்.

கோலுக்குத்தான் புள்ளி என்று வைத்தால் இப்படித்தான் நடக்கும். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா மொத்தம் 38 கோல் போட்டது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். வாங்கிய கோல் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஐந்து ஆட்டம், இறுதியில் பாகிஸ்தான் உட்பட, ஒருவராலும் நம் கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தை உள்ளே அனுப்ப முடியவில்லை என்றால் அவருக்கு முன்னால் நின்ற ஃபுல் பேக்குகள், அதாவது கடைசி வரிசை டிஃபெண்டர்கள், என்ன ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்? ரந்திர் சிங் ஜென்டில் பெயர் இன்றைக்கும் வருகிறதென்றால், இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது என்பதால்தான் வருகிறது.

1964 டோக்கியோவில் இதற்கு நேர் எதிர். இறுதியில் பிருதிபால் அடித்த பெனால்டி கார்னர் பாகிஸ்தான் ஆட்டக்காரர் காலில் பட்டது, அதனால் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிப்பது) மொஹிந்தர் லால் கோலாக்கினார், 1-0 என்று தங்கம் வந்தது. எங்கள் லீக் கணக்குப்படி அந்த ஆட்டத்துக்கு பிருதிபாலுக்குச் சுழியம். அவர் பக்கத்தில் நின்று ஆடிய குர்பக்ஸ் சிங்குக்கும் சுழியம். இது என்ன நியாயம்?

என்னைக் கேட்டால் முதல் ஆளாக சுர்ஜித் சிங்கைத்தான் எடுப்பேன். 1975 கோலாலம்பூர் உலகக்கோப்பை இறுதியில் பின்தங்கியிருந்தபோது பெனால்டி கார்னரில் சமன் செய்தவர் அவர், அதன் பிறகு அசோக் குமார் வெற்றி கோல் போட்டார், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு கோல் முன்னிலையைக் கடைசி விசில் வரை விடாமல் காப்பாற்றியது யார் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அடுத்த வருடமே மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது, புல்தரையில் வளர்ந்த அந்த மனிதர் அதிலும் இறங்கி ஆடினார். 1984 ஜனவரியில் கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார், முப்பத்திரண்டு வயதுதான்.

இரண்டாவது திர்க்கி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரணிக் கோலை ஒட்டி ஃபார்வர்டு முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியை 90களின் பிற்பகுதியில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஃபுல் பேக் கொஞ்சம் மேலே ஏறி நின்றாலே எதிரணி ஃபார்வர்டு மாட்டிக்கொள்வான். விதி போன பிறகு அவன் கோல்போஸ்ட் பக்கத்திலேயே போய் நின்றுகொள்ளலாம், நீங்கள் அவனையும் பார்க்க வேண்டும், வரும் பந்தையும் பார்க்க வேண்டும். திர்க்கி ஆடியது பெரும்பாலும் அந்தக் காலத்தில். பர்கத் சிங்கை மூன்றாவதாக வைப்பேன், 1985 பெர்த் சாம்பியன்ஸ் டிராபியில் மேற்கு ஜெர்மனியிடம் 1-5 என்று இருந்த ஆட்டம் 5-5 ஆனதற்கு அவர்தான் பெரிய காரணம். ஃபுல் பேக்குக்கு முன்னால் நிற்கும் ஹாஃப் பேக்குகளைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது என் கருத்து, அப்போதுதான் லெஸ்லி கிளாடியஸுக்கும் நம் வி. பாஸ்கரனுக்கும் உரிய இடம் கிடைக்கும்.

இது பழைய கதை மட்டுமில்லை. 2024 பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸுக்கு சிவப்பு அட்டை காட்டிய பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேருடன் நின்று 1-1 என்று பிரிட்டனைப் பிடித்து வைத்தோம், ஷூட் அவுட்டில் ஜெயித்தோம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். பின்களத்தில் நின்ற ஜர்மன்பிரீத், சுமித், சஞ்சய் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும், எதிரணியில் ஆள் குறைவாக இருக்கும்போது போட்ட கோலைக் கூட்ட மாட்டார்கள். பாபி ஓர் என்ற டிஃபெண்டர் 1970-71 சீசனில் 124 கூட்டல் வாங்கினார், இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அங்கே டிராஃப்டில் அவர் பெயர் முதலில் வருகிறதென்றால் கையில் கணக்கு இருக்கிறது. நம்மிடம் இருப்பது கோல் போட்டவர் பட்டியல் மட்டும்தான்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் முருகப்பா தங்கக் கோப்பை நடந்தாலும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆட்டம் நடந்தாலும் சரி, மறுநாள் செய்தியில் 'இன்னார் 2 கோல், இன்னார் 1 கோல்' என்பதோடு முடிகிறது. இரண்டு அணியின் பின்கள வீரர்கள் பெயரைப் போடுங்கள். எத்தனை பெனால்டி கார்னர் கிடைத்தது, அதில் எத்தனை தடுக்கப்பட்டது, கோட்டுக்கு வந்த பந்தை யார் வெளியே தள்ளினார்கள் என்று இன்னும் இரண்டு வரி சேருங்கள். உங்கள் நிருபர் மைதானத்தில்தான் இருக்கிறார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த முறை வாசகர்களிடம் அணி கேட்கும்போது டிஃபெண்டர்களுக்கென்று தனியாக ஒரு சுற்று வையுங்கள், பெனால்டி கார்னர் கோலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அயனாவரம், சென்னை – 23.