கல்லறைத் திருநாளுக்கு இன்னொரு மெழுகுவத்தி

எங்கள் ஊர்ப் பங்குப் பேரவைக்கும், நான் சந்தா கட்டும் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும்,

வணக்கமுங்க. போன ஞாயிறு நாம் கூடிப் பேசியதில் பாதி நேரம் ஃபிளெக்ஸ் எத்தனை அடி, யார் யார் படம் எந்த வரிசையில் என்பதிலேயே போய்விட்டது. கொரியா போரில் கைதியாகி இறந்த அமெரிக்கப் பட்டாளத்துச் சாமியார் எமில் கபானுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பையன்கள் கேட்டது ரொம்பச் சந்தோஷம். 2025 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ் அவரை, புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படியான வணக்கத்திற்குரியவர் நிலைக்கு உயர்த்தினாரே, அந்தச் சேதி வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து அவர்களுக்கு அதே பேச்சுதான். ஆனால் அன்றைக்கு மாதிரிக்குக் காட்டிய படத்தில் சாமியார் கையில் ஒரு துப்பாக்கி இருந்தது, யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பட்டாளத்துச் சாமியார் ஆயுதம் எடுக்க மாட்டார். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம், அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும் என்று வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உங்கள் கோயில்காரன் இல்லை. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற குடும்பம், அக்டோபரில் கருமத்தம்பட்டி மாதா கோயில் தேருக்குப் பொரிகடலை வாங்கப் போவதோடு சரி. வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்துவிட்டு வந்து இப்போது நாலு தறி ஓட்டுகிறேன். உனக்கு எதுக்குய்யா இந்த வேலை என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

நம் ராணுவத்தில் பண்டிட், மௌல்வி, கிரந்தி மாதிரி பாதிரியாரும் உண்டு, நாயப் சுபேதார் பதவி கொடுத்து வைத்திருப்பார்கள். எங்கள் யூனிட்டில் இருந்தவரை பாதிரி சாப் என்போம். வடக்கே பனியில் இருந்தபோது எங்கப்பா இறந்துபோன சேதி வந்தது. பாதை மூடிக்கிடந்தது, லீவு கிடைத்தாலும் இறங்க முடியாது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்தவன் நான், அங்கே உட்கார்ந்திருக்கிறேன். பாதிரி சாப் வந்தார். ஆறுதல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு டின்னில் பனியை அள்ளிப் போட்டு ஸ்டவ்வில் வைத்து உருக்கினார், கை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சூடாக்கினார், நான் மொட்டை போட்டுக்கொண்டு குனிந்தபோது அந்தத் தண்ணீரை என் தலையில் ஊற்றியது அவர்தான். அவர் கத்தோலிக்கரா சி.எஸ்.ஐ.யா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.

அதனால் கபான் சாமியாரைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பதக்கம் பெரிதாகத் தெரியவில்லை, தகரம்தான் தெரிந்தது. கான்சாஸில் பில்சன் என்ற சின்ன ஊரில் 1916இல் பிறந்த விவசாயி மகன். கொரியா போரில் ஜீப்பின் முன்மூடியைப் பலிபீடமாக்கிப் பூசை வைத்தவர். 1950 நவம்பர் தொடக்கத்தில் உன்சான் என்ற இடத்தில் சீனப் படை வளைத்துக்கொண்டபோது தப்பிப் போக வழி இருந்தும், காயம்பட்டவர்களை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று தங்கிவிட்டார். கணுக்கால் நொறுங்கிப் பள்ளத்தில் கிடந்த மில்லர் என்ற சார்ஜெண்டை ஒரு சீனச் சிப்பாய் சுடப்போக, இவர் நடந்துபோய் அந்தத் துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டு மில்லரைத் தூக்கிக்கொண்டார். துப்பாக்கி பிடித்த படம் வேண்டுமென்றால் பையன்களே, இதை வரையுங்கள், குழலைத் தள்ளிவிடுகிற கையை.

அப்புறம் வட கொரியாவில் பியோக்டாங் கைதி முகாம். அங்கே அவர் செய்தது எதுவும் ஃபிளெக்ஸில் ஏறாத வேலை. உடைந்த கூரைத் தகரத்தை நெளித்துச் சட்டி செய்து பனியை உருக்கிக் காய்ச்சித் தண்ணீர் கொடுத்தார். வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களின் துணியைத் துவைத்தார், எழ முடியாதவர்களுக்குப் பேன் எடுத்தார். ராத்திரியில் காவலுக்குத் தெரியாமல் போய்த் தானியம் திருடிக்கொண்டு வருவார், போகும் முன் சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய நல்ல கள்ளனிடம் வேண்டிக்கொண்டு போவாராம். (இந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேஷன் ஸ்டோரில் கை வைக்காத பட்டாளத்தான் எவன்?) 1951 மே 23ஆம் தேதி, 35 வயதில், அந்த முகாமிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு அங்கே வந்து சேர்ந்த ஃபிங்க் என்ற விமானி, ஒரு யூதர், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டே விறகுக் கட்டையில் ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு, செதுக்கினார். 1953இல் விடுதலையானவர்கள் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். யூதருக்கு எதுக்கு அந்த வேலை என்று நீங்கள் கேட்டால் நான் என் மொட்டைக் கதையை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் ஒருவர், அமெரிக்காக்காரனுக்கு நம்ம ஊரில் எதுக்கு விழா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் கபான் 1945 ஏப்ரலில் இருந்து ஒரு வருசத்துக்கு மேல் இந்தியா பர்மா பக்கம்தான் வேலை பார்த்தார், ஜீப்பிலும் விமானத்திலும் சுற்றி. அவர் கைதியான அதே குளிர்காலத்தில் நம் ராணுவத்தின் மருத்துவப் பிரிவான 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸும் கொரியாவில் இருந்தது. அதற்குத் தலைமை லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ், நம் தமிழர். பின்வாங்கும்போது மருந்தையும் கருவியையும் விட்டுவர மனசில்லாமல் ஒரு பழைய ரயில் எஞ்சினைப் பிடித்து, வரிசையாய் நின்று வாளி வாளியாய்த் தண்ணீர் கைமாற்றி ஊற்றி ஓட்டி வந்தார்கள். ரங்கராஜ் மகாவீர் சக்ரா வாங்கியவர். சங்கக்காரர்களே, நம் ஆண்டுவிழாவில் இதுவரை ஒருவரும் அவர் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கபான் கைதியான தேதி நவம்பர் 2. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கல்லறைத் திருநாள். 2013இல் வாஷிங்டனில் ஒபாமா கையால் அவர் குடும்பத்துக்கு, அமெரிக்க ராணுவத்தின் உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்த அன்றுகூட அவர் உடல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஹவாயில் ஒரு ராணுவக் கல்லறையில் பெயர் தெரியாதவர்களோடு கிடந்தது. 2021 மார்ச்சில்தான் அடையாளம் கண்டு, செப்டம்பரில் ஊருக்குக் கொண்டுவந்து விசிட்டா பேராலயத்தில் வைத்தார்கள்.

ஃபிளெக்ஸ் வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது. நம் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து மேடு இருக்கிறது, சிலுவை சாய்ந்து பெயர் அழிந்தவை, வருசா வருசம் யாரும் பூப்போடாமல் தாண்டிப் போகிறோம். இந்த நவம்பர் 2 சாயங்காலம் சாமியார் மந்திரித்து முடித்ததும் பையன்கள் அந்தப் பக்கம் போய் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மெழுகுவத்தி வைக்கட்டும். கபான் பேரை ஒரு தரம் சொல்லட்டும், முடிந்தால் ரங்கராஜ் பேரையும். எங்கள் பாதிரி சாப் பேரை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

மெழுகுவத்தி என் செலவு. முந்தின நாளே மண்வெட்டியோடு நாலு பேரை அனுப்புங்கள், அந்தப் பக்கம் முட்புதர் இடுப்பளவுக்கு ஏறிக்கிடக்கிறது.