விட்டு விட்டுப் போடும் கோடு

அம்முவுக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ போனில் பேசியது "சரிப்பா", "வேலை இருக்குப்பா" இரண்டும்தான். பாறை வரைபடம் போடுவதற்காக நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற பிள்ளை, சாயங்காலம் களைத்துப் போயிருப்பாள் என்று அம்மாவிடம் நானேதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் நம்பியதுபோல் தலையாட்டுகிறாள்.

செங்குத்தான பாறைக்கு அடியில் நின்று குறிப்பு எழுதாதே. மழை விட்ட மறுநாள் அந்தப் பக்கமே போகாதே, கல் கழன்று விழுவது அப்போதுதான். சுத்தியலால் உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். துணை இல்லாமல் எங்கும் கிளம்பாதே. இதையெல்லாம் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன், கண்ணாடி போட்டுக்கொள்.

நீ விட்டுப்போன முதலாண்டு ஜியாலஜி புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ அடிக்கோடு போட்ட இடமெல்லாம் எனக்கும் முக்கியமாகத்தான் தெரிகிறது. அத்தை வந்திருந்தபோது கிளேர் பேட்டர்சன் கதையைச் சொன்னேன். விண்கல்லில் இருக்கும் ஈயத்தை அளந்து, பூமிக்கு வயது 455 கோடி ஆண்டு என்று 1956-இல் எழுதியவர். அதற்கு முன்னால், அளக்கும்போதெல்லாம் காற்றிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயம் கலந்து கணக்கைக் கெடுத்திருக்கிறது. வந்த எண்ணை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை அவர். ஆய்வகத்தைத் துடைத்துத் துடைத்தே பல வருடம் போயிருக்கிறது. "இதையா நம்ம அம்மு படிக்கிறாள்?" என்று அத்தை வாயைப் பிளந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த அம்முவுக்கு அப்பாவிடம் பேச ஐந்து நிமிடம் இல்லையா? பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் முதல்முதலாகப் பார்த்த அன்று, சாம்பல் கல்லுக்குள் இத்தனை நிறமா என்று ஒரு மணி நேரம் பேசினாயே. நான் சாப்பிடக்கூடப் போகாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி. சுற்றி வளைத்தது போதும்.

அன்றைக்கு நீ அழைத்தபோது நான் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பள்ளத்தின் நடுவில் ஒரே மண்ணும் புதருமாக இருக்கிறது, அமிலம் சொட்டிப் பார்க்க ஒரு பாறைகூட வெளியே இல்லை, மணற்கல் எங்கே முடிகிறது, சுண்ணாம்புக்கல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்றாய். அழுகிற குரல். நான் என்ன சொன்னேன்? "ஏதாவது ஒரு கோட்டைப் போட்டு வை, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?" கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. அப்புறம் "சரிப்பா" என்றாய். அதுதான் முதல் "சரிப்பா".

போன வாரம் புத்தகத்தில் வரைபடப் பாடத்துக்கு வந்தேன். எல்லையைக் கண்ணால் பார்த்த இடத்தில் முழுக்கோடு. பார்க்க முடியாமல் ஊகித்த இடத்தில் விட்டு விட்டுப் போடும் கோடு. இரண்டு பக்கமும் தெரிகிற பாறையில் ஸ்ட்ரைக்கும் டிப்பும், அதாவது பாறை அடுக்கு ஓடும் திசையும் அது சாயும் கோணமும் அளந்து, மண்ணின் நிறம், கிடக்கிற சில்லு, சரிவு மாறும் இடம், ஊற்று கசியும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஊகிக்க வேண்டுமாம். இது உனக்குத் தெரியாததா? நீ என்னிடம் பாடம் கேட்க அழைக்கவில்லை. முடியவில்லை என்று சொல்ல அழைத்தாய். நான் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

ஏன் அப்படி வாயில் வந்தது என்றும் யோசித்தேன். வேலையில் ஒரு முறை, போய்ப் பார்க்காத இடத்தைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அது தப்பில்லை என்று இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். உன் வரைபடத்தை நம்பி நாளைக்கு ஒருவர் கிணறு தோண்டலாம், அணைக்கு இடம் பார்க்கலாம். நான் போட்ட கையெழுத்தை நம்பி யார் என்ன செய்தார்களோ, நான் விசாரிக்கவே இல்லை.

நீ என்ன கோடு போட்டாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முழுக்கோடு போட்டிருந்தால், இன்னும் பென்சிலில்தானே இருக்கும், மை ஏற்றுவதற்குள் அழித்துவிடு. கொடுத்தாகிவிட்டது என்றால் ஆசிரியரிடம் போய்ச் சொல். அப்பா சொல்லித்தான் போட்டேன் என்றே சொல். அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு நீ கோடே போடவில்லை என்றால் கோபமாகவே இரு, ஆனால் பேசு.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கண்ணாடி போட்டுக்கொள்.

அப்பா