ஃபோர்மோசாவுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அர்ஜென்டினாவின் வடகோடியில் உள்ள ஃபோர்மோசா மாகாணத்துக்கு ஆற்று ஆய்வுக்காக நீ செல்லவிருப்பதாக எழுதியதிலிருந்து அந்த நிலத்தைப் பற்றியே படித்து வருகிறேன். முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

சாக்கோ சமவெளியின் ஒரு பகுதியான அம்மாகாணத்தின் வடக்கில் பில்கோமாயோ ஆறும், கிழக்கில் பராகுவே ஆறும் பராகுவே நாட்டுக்கு எல்லையாக ஓடுகின்றன. அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயை எதிர்த்த முத்தரப்புக் கூட்டணிப் போருக்குப் பின் எழுந்த நிலத் தகராறில், 1878-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸ் நடுவராக இருந்து, பில்கோமாயோவுக்கு வடக்கே உள்ள நிலத்தைப் பராகுவேக்குக் கொடுத்தார். அங்கிருந்த அர்ஜென்டினக் குடியேற்றம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டே லூயிஸ் ஹோர்ஹே ஃபோன்டானா ஃபோர்மோசா நகரை நிறுவினார். அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த விச்சி, கோம், பிலாகா மக்களை யாரும் கலந்து பேசவில்லை. 1947 அக்டோபரில் லாஸ் லோமிதாஸ் அருகே ரின்கோன் பொம்பாவில் பிலாகா மக்களை எல்லைக் காவற்படையினர் சுட்டுக் கொன்றனர். அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது 2019-இல்தான். இதை அறியாமல் அந்த ஊருக்குள் கால் வைக்காதே அம்மா.

பில்கோமாயோவை நீ அளக்கப் போகிறாய் அல்லவா? பொலிவிய மலைகளிலிருந்து அது கொண்டு வரும் வண்டல் அதன் சொந்தப் படுகையையே அடைத்துவிடுவதால், நீர் கரை புரண்டு பரவி, பஞ்யாடோ லா எஸ்த்ரேயா என்னும் பெரும் சதுப்பு நிலமாகிவிட்டது. நீரில் நின்று பட்டுப்போன மரங்களைக் கொடிகள் முழுவதுமாகப் போர்த்தி நிற்பதைப் படங்களில் கண்டேன். நீர் எந்த ஆண்டில் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை உன் கருவிகளைக் காட்டிலும், சாபலோ மீனை எதிர்பார்த்து வலை விரிக்கும் விச்சி முதியவர்கள் நன்றாகச் சொல்லக்கூடும்.

பெண்களின் கைவேலையையும் அருகிருந்து பார். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த சாகுவார் செடியின் முள் இலையைக் கீறி, நாரை உரித்து, வெயிலில் காயவைத்து, தொடைமேல் வைத்துத் திரித்து நூலாக்கி, மரப்பட்டைச் சாயம் ஏற்றிப் பை பின்னுகிறார்கள்; நம் ஊரில் கற்றாழை நார் திரித்தவர்களின் உழைப்புக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

பொருளாதாரம் பெரிதாக ஒன்றுமில்லை. தோல் பதனிடும் சாறுக்காகக் கெப்ராச்சோ மரங்களை வெட்டித் தீர்த்த காலமும், பருத்தி செழித்த காலமும் போய்விட்டன. இன்று கால்நடையும், லாகுனா பிளாங்கா பக்கத்து வாழையும், அரசு வேலையும், மத்திய அரசு பகிர்ந்தளிக்கும் வரிப்பணமுமே ஆதாரம். ஆனால் பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனுக்கு எதிரேயுள்ள எல்லை நகரான குளோரிந்தாவில், நாணய மதிப்பு ஏறி இறங்குவதைப் பொறுத்து, பொருள் வாங்குவோர் கூட்டம் இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறுகிறதாம்.

கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். களப்பணியை அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். அம்மாவும் நலம் விசாரிக்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா