மதிப்பெண் போடும் முன்

அனைவருக்கும் வணக்கம். நிதி கேட்டு வந்த விண்ணப்பங்களைப் பற்றி ஞாயிறு மாலை மாட்டுங்காவில் கூடிப் பேசுகிறோம். அதற்குள் தனித்தனியாகப் படித்து, மதிப்பெண்ணையும் காரணத்தையும் எனக்கு மட்டும் அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். முதலில் வரும் எண் மற்றவர்களையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

நமக்கு 1 முதல் 5 வரை, 5தான் சிறந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 1 முதல் 9 வரை போடுவார்கள், அங்கே 1தான் சிறந்தது. போன முறை ஒருவர் அந்தப் பழக்கத்தில் தலைகீழாகப் போட, நல்ல விண்ணப்பம் ஒன்று கைவிட்டுப் போகப் பார்த்தது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

3 என்றால் 'செய்யலாம், ஆனால் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது' என்று அர்த்தம். எல்லோருக்கும் 4 போட்டால் யாரையும் மதிப்பிட்டதாகாது.

அப்புறம், தாராவியிலிருந்து வந்த விண்ணப்பங்களில் ஆங்கிலம் தடுமாறும். மொழிக்கு மதிப்பெண் இல்லை; வேலைக்கும் கணக்குக்கும்தான்.

விண்ணப்பித்தவர் சொந்தக்காரர் அல்லது உடன் வேலை செய்பவர் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த விண்ணப்பத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறேன். அதைப் பேசும்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டும்.

மதிப்பெண்கள் வெள்ளி இரவுக்குள் வேண்டும்.