பட்டவராயன் கதையும் உன் ஆய்வேடும்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். மூச்சுத்திணறலுக்கான மருந்தை விடாமல் எடுத்துக்கொள்.

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை நிதானமாகப் படித்து முடித்தேன். முப்பது பக்கத்துக்குள் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாய் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு சமூகத்தின் கூட்டு நினைவைச் செயற்கை நுண்ணறிவு சுமக்க முடியுமா என்பது உன் கேள்வி. அதற்கு அடித்தளமாக, மனிதன் தனியாக நினைப்பதில்லை, குடும்பம், சமயம், வர்க்கம் ஆகிய சட்டகங்களுக்குள் இருந்துதான் நினைக்கிறான் என்று 1925-இல் எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஆல்பவாக்ஸை முதல் இயலில் வைத்திருக்கிறாய். அவர் 1945-இல் நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் இறந்தார் என்பதை நீ அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். அதை மேலே கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். ஒரு கூட்டத்தையே அழித்து, அவர்களை நினைக்க ஆளில்லாமல் செய்ய முனைந்தவர்களின் முகாமில் அந்த அறிஞரின் வாழ்வு முடிந்தது என்பது உன் ஆய்வுக்கு வெளியே நிற்கும் செய்தி அன்று.

அடுத்து, பண்பாட்டு நினைவைப் பற்றி எழுதிய ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மான். வாய்ப்பேச்சில் வாழும் நினைவு மூன்று தலைமுறை, அதாவது எண்பது முதல் நூறு ஆண்டுகள் வரைதான் தாங்கும், அதற்குப் பிறகு சடங்கும் விழாவும் நூலும் அவற்றைக் காக்கப் பயின்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டால்தான் பிழைக்கும் என்கிற அவருடைய பகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாய். பொதுவாக அது சரி. ஆனால் நம் தாமிரபரணிக் கரையில் வளர்ந்த உனக்கு, பேச்சாகவும் சடங்காகவும் ஒரே நேரத்தில் இருக்கும் ஒன்று தெரியும். கொடையில், அதாவது நம் ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கும் விழாவில், பாடும் வில்லுப்பாட்டைத்தான் சொல்கிறேன். அதை வைத்துத்தான் உன் மூன்றாவது இயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லப்போகிறேன்.

அந்த இயலில், மொழி மாதிரிகள், அதாவது பெருந்திரளான எழுத்தில் பயின்று விடை எழுதும் கணினி நிரல்கள், நாட்டார் கதைகளை எவ்வளவு துல்லியமாகத் திருப்பிச் சொல்கின்றன என்று அளக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். துல்லியம் என்றால் எதற்குத் துல்லியம்? நீ எடுத்துக்கொண்ட கதைகளுள் ஒன்று முத்துப்பட்டன் கதை. பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள், காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனாக நிற்கிறாரே, அவர் கதை. பிராமண குலத்தில் பிறந்தவர், தோல் தொழில் செய்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினார், பூணூலைக் களைந்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டால்தான் பெண் தருவேன் என்றார் வாலப்பகடை, அதற்கும் இசைந்தார், மணமுடித்த இரவே மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்துப் போரிட்டு மாண்டார், பெண்கள் இருவரும் தீப்புகுந்தனர். இவ்வளவும் எல்லா வடிவங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெண்கள் யாருக்குப் பிறந்தார்கள் என்பதில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வடிவத்தில் அவர்கள் வாலப்பகடை பெற்ற மக்கள். இன்னொன்றில், அவர்கள் பிராமணப் பெண்ணுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர். பின்னதை ஏற்றால் முத்துப்பட்டன் சாதியை மீறவே இல்லை என்றாகிவிடும். பூணூலைக் களைந்ததற்கும் பொருள் போய்விடும். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, அந்தப் பிறப்புக் கதை மேல்சாதியாரின் மனநிறைவுக்காகப் பின்னால் சேர்க்கப்பட்டது என்று வாதிட்டார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கொடையில் நேரில் கண்டதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. வில்லின் மணிகள் அதிர, வீசுகோலை ஓங்கி, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி பெண்களின் பிறப்பைத் தொடங்கினார். காட்டில் குழந்தைகள் கிடந்தார்கள் என்று அவர் எடுக்கவும், கூட்டத்தின் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றிருந்த ஒரு முதியவர், "அண்ணாவி, எங்க பிள்ளைய எங்க பிள்ளையாவே பாடுங்க" என்றார். குடம் அடித்தவர் கையை நிறுத்தினார். உடுக்கையும் நின்றது. அண்ணாவி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடியை மாற்றி, வாலப்பகடையின் மனைவி கருவுற்ற இடத்திலிருந்து மறுபடி எடுத்தார். பின்பாட்டுக்காரர்கள் தயங்காமல் ஏற்றுப் பாடினார்கள். அவர்களுக்கு இரண்டு வடிவமும் தெரிந்திருந்தது. யாரும் அந்த முதியவரை அதட்டவில்லை. விடியும் வரை கதை அவர் சொன்ன வழியிலேயே நடந்தது.

கூட்டு நினைவு என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது அந்த முதியவர்தான். கதை யாருடையதோ அவர் கூட்டத்தில் நிற்கிறார், பாடுபவரைத் திருத்துகிறார், பாடுபவர் அதற்குக் கட்டுப்படுகிறார், மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாடு இருக்கும் வரையில் இரண்டு வடிவங்களும் உயிரோடு இருக்கும். அவற்றுக்கிடையே உள்ள வழக்கும் உயிரோடு இருக்கும். அந்த வழக்கே நினைவின் பெரும்பகுதி என்பேன்.

சென்ற விடுமுறையில் உன் மடிக்கணினியில் ஒரு மொழி மாதிரியிடம் இந்தக் கதையை நாம் கேட்டுப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். பிழையற்ற தமிழில், தலைப்பு துணைத்தலைப்போடு வந்தது. பெண்கள் வளர்ப்பு மக்கள் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியது. வேறு வடிவம் உண்டா என்று நீ அழுத்திக் கேட்ட பிறகுதான் உண்டு என்றது. இணையத்தில் ஏறியிருப்பவற்றுள் பெரும்பகுதி கோவில் தல வரலாறுகள். ஒரு பக்கத்தில் உள்ளதை அடுத்த பக்கம் படியெடுத்துப் போட்டிருக்கும். பயிற்சித் தரவில் மீண்டும் மீண்டும் வருவதை மாதிரி அழுத்தமாகப் பதிந்துகொள்ளும் என்று நீயே இரண்டாம் இயலில் விளக்கியிருக்கிறாய். அப்படியானால் அச்சு வசதியும் கணினி வசதியும் யாருக்கு முதலில் கிடைத்ததோ அவர்களுடைய வடிவம் பெரும்பான்மை ஆகிறது, பெரும்பான்மை என்பதனாலேயே அது உண்மை போல ஒலிக்கிறது. இணையத்திலிருந்து திரட்டிய பெருந்தொகுப்புகளில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது என்பதை நீ பெரிதாகப் பேசியிருக்கிறாய். எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்து கூடுதல் இடம் பிடிப்பதையும் சொல்லியிருக்கிறாய். அவை தேவையான செய்திகள்தாம். ஆயினும் தமிழின் பங்கு நாளை பத்து மடங்கு ஆனாலும், அந்தத் தமிழுக்குள் யாருடைய தமிழ் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இதோடு சேர்த்து, 2024-இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வை நீ இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். மாதிரிகள் உண்டாக்கிய எழுத்தையே அடுத்த மாதிரிகளுக்குப் பயிற்சியாக ஊட்டிக்கொண்டே போனால் அவை சீர்குலைகின்றன என்று காட்டினார்களே, அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது சீர்குலைவின் வரிசை. பரவலாக உள்ளவை கடைசி வரை தாக்குப்பிடிக்கின்றன. அரிதாக வருபவை முதலில் மறைகின்றன. ஓரத்தில் நின்ற முதியவரின் வடிவம் அந்த அரிதானவற்றுள் ஒன்று. இயந்திரம் சொன்ன கதையை ஒருவர் தம் பக்கத்தில் இட்டு, அதை அடுத்த இயந்திரம் படித்து, இப்படியே நான்கைந்து சுற்று போனால், வாலப்பகடை பெற்ற மக்கள் என்றொரு வடிவம் இருந்ததற்கே தடம் இருக்காது. ஆல்பவாக்ஸ் சொன்ன சட்டகம் என்னும் கருத்தை நீ இங்கேதான் சோதிக்க வேண்டும். இயந்திரத்துக்கும் ஒரு சட்டகம் உண்டு. அதற்குள் திருத்துவதற்கு நிற்கும் ஆள் யார்?

ஆகவே மூன்றாவது இயலில் துல்லியத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒரு கதைக்கு எத்தனை வடிவங்களை மாதிரி தானாக முன்வைக்கிறது, எந்த வடிவத்தைக் கேட்காமலேயே தேர்ந்தெடுக்கிறது, எதிர்த்துச் சொன்னால் யாருடைய சொல்லுக்கு அசைகிறது என்று பார். முத்துப்பட்டன், காத்தவராயன், மதுரை வீரன் மூன்றிலும் சாதியும் காதலும் பிறப்பு பற்றிய மாறுபட்ட கூற்றுகளும் இருப்பதால் ஒப்பிடுவதற்குத் தோதாக இருக்கும். உன் நெறியாளர் புள்ளிவிவரம் கேட்டால், இதிலும் எண்ணுவதற்கு நிறைய உண்டு என்று சொல்.

இதைப் படித்து, அம்மா இயந்திரமே வேண்டாம் என்கிறாள் என்று எண்ணிவிடாதே. உன் ஆச்சியின் தம்பி கேசட்டில் பதிந்து வைத்த கொடைப் பாட்டுகள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன; அவற்றைக் கேட்டு எழுத்தாக்க எனக்குக் காதும் போதவில்லை, காலமும் போதவில்லை. திருநெல்வேலிப் பேச்சையும் பாட்டையும் பிரித்தறிந்து எழுதித்தரும் கருவி ஒன்று வந்தால் முதலில் மகிழ்பவள் நான்தான். நியூசிலாந்தின் வடகோடியில் கைதாயா என்ற ஊரில் இருக்கும் தே ஹிக்கு என்ற மாவோரி வானொலி நிலையம் அதைத்தானே செய்தது? 2018-இல் தங்கள் மக்களை அழைத்து, பத்தே நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து முந்நூறு மணி நேரத்துக்கும் அதிகமான ஒலிப்பதிவைத் திரட்டி, மாவோரி மொழியைக் கேட்டு எழுதும் கருவியைத் தாங்களே உருவாக்கினார்கள். அந்தத் தரவை வெளியாருக்கு விற்க மறுத்து, தாங்கள் அதற்கு உரிமையாளர்கள் அல்லர், காப்பாளர்கள் மட்டுமே என்று உரிமத்தில் எழுதி வைத்தார்கள். உன் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. ஓர் இயலே கொடுக்கலாம். திருத்தும் உரிமையை இயந்திரத்தின் உள்ளேயே எப்படி வைப்பது என்பதற்கு நடைமுறையில் இருக்கும் விடை அது.

கடைசியாகக் களப்பணி பற்றி. பாடகர்களைத் தகவலாளர் 1, தகவலாளர் 2 என்று குறிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அறநெறிக் குழு அப்படிக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு அது பாதுகாப்பும்கூட. ஆனால் ஓர் அண்ணாவிக்குப் பெயர்தான் சொத்து. யாரிடம் பயின்றார், எந்த ஊர்க் கொடையில் எத்தனை தலைமுறையாகப் பாடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் அவையடக்கத்துக்கே வருவார். அவரை எண்ணாக்கினால், நீ எதைக் குறைசொல்லி ஆய்வு எழுதுகிறாயோ அதையே நீயும் செய்தவளாவாய். பெயரைப் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேள். எந்த ஊரில், எந்தச் சாமியின் கொடையில், யார் முன்னிலையில் பாடப்பட்டது என்பதையும் ஒவ்வொரு பதிவோடும் எழுது. சாமியை அருள்வரச் செய்யும் வரத்துப் பாடும் பகுதியைப் பதிய வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், கருவியை அணைத்துவிடு.

வரும் ஆடி அமாவாசைக்கு வரப் பார்க்கிறேன் என்றாய். காரையாற்றுக்கு அந்த நாட்களில் பெருங்கூட்டம் வரும். பட்டவராயனுக்குக் காணிக்கையாகச் செருப்பு கட்டுபவர்களிடம், அவர்கள் வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. காடு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் தங்குவதற்கும் வண்டிக்கும் கட்டுப்பாடு உண்டு. வனத்துறை அனுமதியை மாமா விசாரித்து வைப்பார். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவிடம் நான் பேசியிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது, பாட்டை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வீர்கள் என்பதுதான். அதற்கு விடை சொல்லும்படியாக, ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் நீயே எழுதி எனக்கு முன்கூட்டி அனுப்பு. நான் அவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் மாற்றச் சொல்வதை எழுதி அனுப்புகிறேன்.

உன் அன்பு அம்மா,
அம்பாசமுத்திரம்