அப்பா குரல் கேட்டது என்றாயே

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் "எனக்கு ஏதாவது ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை கண்ணம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை எழுதுவதுதான் எனக்குச் சுலபம், போனில் சொன்னால் அழுகை முந்திக்கொள்ளும்.

புது நாற்காலிக்குக் கால் பூட்டும்போது, இறந்துபோன அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பேசினார் என்றாய். "போல்ட்டை முதல்ல கையாலயே சுத்து. நாலும் ஏறினப்புறம் ஸ்பேனரை எடு." அட்சரம் பிசகாமல் அவர் பேச்சுதான். ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கிவிட்டால் மற்றது துளையில் சேராது, வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை போய்விடும் என்பார். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பாட்டில் மூடியில் அடுக்கி வைப்பார், நீ அந்த மூடிக்குக் காவல். வேலை முடிந்ததும் யாரையும் உட்கார விடமாட்டார். தானே முதலில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இத்தனை வருஷம் உன் காதில் விழுந்த குரல், அந்த வேலையைத் தொட்டதும் வந்து நிற்பதில் என்ன அதிசயம்?

எனக்கும் கேட்கிறது. சாயங்காலம் அவர் சாவிக்கொத்தை மேசையில் வைக்கும் சத்தம். முதலில் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். இப்போது திரும்புவதில்லை, வந்துவிட்டார் என்று மனசு சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான். சில நாள் சத்தம்கூட இருக்காது. பக்கத்து அறையில் ஆள் இருப்பது தெரியும் இல்லையா, அதுபோல வெறுமனே தெரியும். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

இது நம் இரண்டு பேருக்கு மட்டும் நடப்பதும் இல்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை உட்கார வைத்துப் பேசி, 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு. போனவர் கூடவே இருப்பதாக உணர்ந்தவர்கள்தான் அதிகம், குரல் கேட்டவர்களும் உருவத்தைப் பார்த்தவர்களும் அதைவிடக் குறைவு. பலருக்கு அது வருஷக்கணக்கில் நீடித்தது. தனியாக இருப்பவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இது இயல்பானது, துக்கத்தில் இருப்பவருக்கு உதவுவதும்கூட என்பதுதான் அவர் முடிவு. என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. அந்த மனிதர்களில் பெரும்பாலோர் நெருங்கிய சொந்தத்திடம்கூட வாய் திறக்கவில்லை. அது துணையை இழந்தவர்களைப் பற்றிய ஆய்வுதான், பிள்ளைகளைப் பற்றியது இல்லை. ஆனாலும் நேற்று உன் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோது அவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"நடந்தது நடந்துபோச்சு, மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாருங்க" என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனித மனசை ஆராய்ந்த ஃபிராய்டு என்ற மருத்துவரும் 1917-இல் எழுதிய கட்டுரையில், போனவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்றார். 1920-இல் அவருடைய மகள் ஸோஃபி இறந்துபோனாள். 1929-இல், அவள் உயிரோடு இருந்திருந்தால் 36 வயது நிறையும் நாளில், பிள்ளையைப் பறிகொடுத்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். துக்கத்தின் வேகம் அடங்கும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படியே இருப்பதும் சரிதான், நாம் விட விரும்பாத அன்பைக் காப்பாற்ற அது ஒன்றே வழி என்று. மகளைப் பறிகொடுத்த தகப்பன் எழுதியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்பா நிஜமாகவே வருகிறாரா, நம் மனசுதான் கூப்பிட்டுக்கொள்கிறதா என்று என்னைக் கேட்காதே. நான் அந்த வழக்கில் இறங்குவதில்லை. பேசினால் பதில் சொல்கிறேன். அவருடைய பழைய ஸ்கூட்டரை விற்றபோது, நிச்சயம் வேண்டாம் என்றிருப்பார் என்று தெரியும். "நீங்க ஓட்ட வருவீங்களா? அப்ப சும்மா இருங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு விற்றேன். இருக்கும்போது போட்ட சண்டையைப் போன பிறகும் போடலாம், தப்பில்லை.

அதனால் அவரைச் சாமி ஆக்கிவிடாதே. முன்கோபம், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்காத வீம்பு, எல்லாவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள். நீ ஊரை விட்டுக் கிளம்பியதில் அவருக்குக் கோபம் இருந்தது, உனக்கும் அவர்மேல் இருந்தது. அது இன்னும் உள்ளே கிடந்தால், அடுத்த முறை அவர் குரல் கேட்கும்போது கேட்டுவிடு. நானும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். நாம் பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடப் புரளாது. நான் போனை வைத்ததும், "என்னவாம்?" என்பார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் முதலிலிருந்து திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அந்தக் குரல் உன்னை மிரட்டினாலோ, உன்னையே வருத்திக்கொள்ளச் சொன்னாலோ, தூக்கமும் வேலையும் கெட்டு நாளாக ஆக மோசமாகிக்கொண்டே போனாலோ, யோசிக்காமல் டாக்டரிடம் போ, எனக்கும் சொல். நீ சொன்னது அப்படித் தெரியவில்லை. நாற்காலியை ஒழுங்காகப் பூட்டச் சொன்ன குரலுக்கு எந்த மருந்தும் வேண்டாம்.

தம்பியிடம் பேசு. அப்பா பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறான். அவனுக்கும் ஏதாவது கேட்கிறதோ, தெரிகிறதோ, யாரிடம் சொல்வது என்று உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். நான் கேட்டால் ஒன்றுமில்லை என்பான். நீ அவனைக் கேள்வி கேட்காதே, நாற்காலி விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இரு. அவன் ஏதாவது சொன்னால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா