காரங்காட்டில் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

காரங்காடு ஊர் மக்களுக்கும் வனத்துறைப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் அலையாத்திக் காட்டைப் பார்க்க இராமநாதபுரத்திலிருந்து வந்த 8 பேரில் நானும் ஒருவன். படகில் தள்ளாடிய 72 வயது அம்மாவை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றிருந்த பதற்றத்தில் எவரிடமும் முறையாக நன்றி சொல்லாமல் கிளம்பிவிட்டோம் என்பது உறுத்தலாக இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

தவறு எங்களுடையதே. நீர் வற்றிவிட்டால் உட்கால்வாய்களுக்குள் படகு போகாது என்று கேள்விப்பட்டு, விடியுமுன்னே புறப்பட்டோம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்ட அம்மா, போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. தேவிபட்டினம் தாண்டும்போதாவது நினைவூட்டியிருக்க வேண்டியவன் நான். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மறந்துபோனேன்.

கோட்டக்கரையாறு கடலைத் தொடும் அந்த முகத்துவாரத்தில், படகோட்டி அண்ணன் ஓர் இலையைப் பறித்து, வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது என்று சொல்லி, பிள்ளைகளை நாக்கில் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சேற்றிலிருந்து குத்துக்குத்தாக நிமிர்ந்து நின்ற மூச்சு வேர்களை அவர் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. வெயில்தான் என்று எண்ணி நான் துண்டால் விசிறிக்கொண்டிருக்க, அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் படகைத் திருப்பினார்.

கரையில் சமையல்கூடத்து அக்கா செய்ததை நான் பலரிடம் சொல்லிவருகிறேன். "ஆத்தா, முழுங்க முடியுதா?" என்று கேட்டு, அம்மா தலையசைத்த பிறகே, கருப்பட்டியை உடைத்துக் கரைத்த நீரை ஓர் எவர்சில்வர் டம்ளரில் மடக்கு மடக்காகப் புகட்டினார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும் என்று எனக்கும் சொல்லித்தந்தார். அதற்குள் வனக் காவலர் வண்டியில் சென்று, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலரான தங்கையை விடுமுறை நாளென்றும் பாராமல் அழைத்து வந்தார். இரத்தத்தில் சர்க்கரை அளவு முதலில் 58; சாப்பிடாமல் போட்ட மாத்திரையால் மிகவும் இறங்கியிருந்தது. கால் மணி நேரம் கழித்து 94. அதன் பின்னரே இட்லிப் பொட்டலம் பிரிந்தது. நண்டு சூப் குடிக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தபோதுதான் எங்களுக்குப் போன உயிர் திரும்பியது.

நான் நீட்டிய பணத்தை அக்கா வாங்கவில்லை; சூப்புக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார். பாதியில் திரும்பிய சவாரிக்காகப் படகோட்டி அண்ணன் பிள்ளைகளை மறுபடியும் அழைத்துப்போனார். மறுநாள் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். அம்மா நலமாக இருக்கிறார்.

ஒரு செய்தி, அக்கா. அந்த டம்ளர் எங்கள் பையோடு வந்துவிட்டது. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, கழுவித் துடைத்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அம்மாவின் மூத்த மகனும் குடும்பத்தாரும்,
இராமநாதபுரம்.